சூரியனோடு தூங்கும் ரேடியோ

ஷிமெக் வீட்டு ரேடியோ நிலையம் சூரியனோடு எழுந்து சூரியனோடு தூங்கும். சோம்பேறித்தனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது அரசாங்கச் சட்டம். இருட்டிவிட்டால் ஏ.எம். ரேடியோவின் அலைகள் ஊர் எல்லையைத் தாண்டி ஓடிப்போய், தூரத்துப் பெரிய நிலையங்களின் பாட்டில் மூக்கை நுழைக்கும். அதனால் பொழுது சாய்ந்ததும் சின்ன நிலையங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கோடையில் இரவுச் சாப்பாடு வரை பாடும் அந்த நிலையம், டிசம்பர் மாதத்தில் ட்ரூடி பள்ளி விட்டு வந்த சற்று நேரத்துக்கெல்லாம் அடங்கிவிடும். ட்ரூடிக்கு அப்போது பத்து வயது. எஃப்.எம். ரேடியோ ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில், லிப்னிக் என்ற ஊரின் மேட்டில் நிலையம் இருந்தது. கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மாட்டுப் பண்ணைகள். செங்கல் செங்கலாக நிலையத்தைக் கட்டியவர் ட்ரூடியின் தாத்தா. இப்போது நடத்துபவர் அப்பா லாடி ஷிமெக். பார்ப்பார் யாரும் இல்லாத அறையில் மைக்கின் முன் உட்காரும்போதும் அவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

நாளின் கடைசி ஒரு மணி நேரம் போல்கா நேரம். அக்கார்டியன் குதிக்கும், டூபா என்ற பெரிய ஊதுகொம்பு 'உம்பா உம்பா' என்று பின்னாலேயே ஓடிவரும். ஊர்க்காரர்களின் முன்னோர்கள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்த ஆட்டப் பாட்டு அது. அது முடிந்ததும் ட்ரூடி மைக்கில் 'காணாமல் போனவை, கிடைத்தவை' வாசிப்பாள். ஒற்றைக் கையுறை, ஓடிப்போன வாத்து, யாருடையது என்று தெரியாத பல்செட்டு, இப்படி எதுவும் வரும்.

அந்தக் குளிர்காலத்தில் போல்கா நேரத்துக்கே ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் மார்வின் மாமா, அம்மாவின் தம்பி. நிலையத்துக்கு விளம்பரம் பிடித்துத் தருவது அவர் வேலை.

"மச்சான், போல்கா போடுறப்போ இந்த வாரம் எத்தனை போன் வந்துச்சு?"

"ஒண்ணு," என்றார் அப்பா.

"யாரு?"

"ராங் நம்பர்."

மாமா சிரிக்கவில்லை. "ஊரே எஃப்.எம். பக்கம் போயாச்சு மச்சான். கேக்க ஆளில்லாத பாட்டுக்கு எந்தக் கடைக்காரன் விளம்பரம் குடுப்பான்? கூரையில ஒரு ஆன்டெனாத் தட்டு வைப்போம். டென்வர்லேருந்து சாட்டிலைட் வழியா புதுப் பாட்டா கொட்டும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்தாப் போதும்."

"கையக் கட்டிக்கிட்டு உக்கார இங்க எதுக்கு வரணும் மாப்ளே? வீட்டுலயே உக்காந்துக்குவேன்."

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். இல்லேன்னா ஜனவரியில நிலையத்தையே மூடணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

மாமா போன பிறகு ட்ரூடி மெல்லக் கேட்டாள். "அப்பா, மைக்குல நீங்களே கேளுங்களேன். 'பாட்டு பிடிச்சிருந்தா போன் பண்ணுங்க'ன்னு."

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "வந்தவங்களுக்கு நாற்காலி போடுவோம் ட்ரூடி. வாங்க வாங்கன்னு வாசல்ல நின்னு கெஞ்ச மாட்டோம். ஷிமெக் வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது."

ஆனால் அன்று மாலை அவர் போல்கா இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் போட்டு அடுக்கினார். வழக்கமாக ஒன்றை உறையில் போட்டால், மறுநாளுக்கென்று இன்னொன்றை எடுத்து வைப்பார். அன்று எதையும் எடுக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அன்று வாசிக்க அறிவிப்பு எதுவும் வராததால், அம்மா அவளைக் கீழே குடிக் குடும்பத்தின் பண்ணைக்கு வெண்ணெய் வாங்கி வர அனுப்பினார். பனியில் சறுக்கிச் சறுக்கி இறங்கியவளுக்குக் கொட்டகை வாசலிலேயே ஓர் ஆச்சரியம். உள்ளே டூபா 'உம்பா உம்பா' என்றது.

உத்தரத்தில் ஆணியடித்து ஒரு ரேடியோ தொங்கியது. அதன் மேல் வைக்கோல் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. நிலையம் மாற்றும் திருகு எப்போதோ உடைந்துபோய், அது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. மாடுகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. ஹெலன் குடிக் கறவை இயந்திரத்தை ஒரு மாட்டிலிருந்து கழற்றி அடுத்த மாட்டுக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு! வால் பக்கம் நிக்காத. மில்லிக்கு இன்னிக்கு மனசு சரியில்ல."

"அத்தை, நீங்க எங்க போல்கா கேக்குறீங்களா?"

"நான் எங்க கேக்குறேன், இதுங்கதான் கேக்குது! போன மாசம் புயல்ல உங்க நிலையம் நின்னுபோச்சே, அன்னிக்கு மில்லி உதைச்சதுல பால் வாளி சுவத்துல போய் ஒட்டிக்கிச்சு. டூபா சத்தம் வந்தாத்தான் மகாராணி அசையாம நிப்பா."

"பிடிக்கும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஒருத்தர்கூட பண்றதில்லையே!"

ஹெலன் அத்தை நிமிர்ந்து தன் இரண்டு கைகளையும் காட்டினார். முழங்கை வரை நுரையும் ஈரமும். "போனு அடுப்படியில இருக்கு. நான் இங்க இருக்கேன். எல்லாம் முடிச்சு, கைகால் கழுவி உள்ள போறதுக்குள்ள உங்கப்பா கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுறாரு. பூட்டின வீட்டுக்கு எதுக்கு போன் பண்றது?"

"எல்லாப் பண்ணையிலயும் இப்படித்தானா?"

"மாடுங்க எல்லாம் ஒரே நேரத்துக்குத்தானே கத்துதுங்க!"

வேலை முடிந்தது. ஹெலன் அத்தை இரண்டு கைகளிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்று, சுவரிலிருந்த சுவிட்சை முழங்கையால் ஓர் இடி இடித்தார். கொட்டகையின் வெளிவிளக்கு அணைந்தது.

ட்ரூடி அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணெய் வாங்க வந்தது அவளுக்கு மறந்தே போனது.

வெள்ளிக்கிழமை மார்வின் மாமா காகிதத்தோடும் பேனாவோடும் வந்து சேர்ந்தார். கடைசி போல்கா ஓடி முடிந்தது. அப்பா ட்ரூடியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் மைக்கின் அருகே போனாள்.

"காணாமல் போனது, ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. கிடைத்தது, சர்ச் வாசலில் ஒரு சாவிக்கொத்து." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு விஷயம். நீங்க இப்ப மாட்டுக்கிட்ட இருப்பீங்க. போன் எல்லாம் பண்ண வேண்டாம்..."

அப்பாவின் கை மைக்கை அணைக்கும் சுவிட்சின் மேல் போய் நின்றது.

"நாங்க எதுவும் கேக்கல," என்று ட்ரூடி அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தினமும் உங்களோட ஒரு மணி நேரம் இருந்துட்டு, சொல்லிக்காமலே போயிடுறோம். அது மரியாதை இல்ல. அதனால ஷிமெக் வீட்டிலேருந்து எல்லாருக்கும் குட்நைட். திருப்பிச் சொல்லணும்னு தோணிச்சுன்னா, வேலை முடிஞ்சு வெளிய வரும்போது கொட்டகை விளக்கை ரெண்டு மூணு தடவை அணைச்சு அணைச்சுப் போடுங்க. முழங்கையாலயே போடலாம். நாங்க மேட்டுல நின்னு பார்ப்போம்."

அப்பாவின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. பிறகு வழக்கம்போல நிலையத்தின் பெயரைச் சொல்லி ஒலிபரப்பை முடித்தார்.

மூவரும் வெளியே வந்து நின்றார்கள். வானம் சாம்பலாகி, பிறகு கறுத்தது. கீழே பண்ணை விளக்குகள் அங்கங்கே எரிந்தன. ஒன்றும் அசையவில்லை.

"கையெல்லாம் விறைக்குது மச்சான். உள்ள போய்க் கையெழுத்தைப் போட்டுடலாமே?" என்றார் மாமா.

அப்பாவின் பார்வை பள்ளத்தாக்கிலேயே இருந்தது. ட்ரூடி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

"ட்ரூடி," என்றார் அப்பா. "அங்க பாரு."

குடிக் பண்ணை விளக்கு அணைந்தது, எரிந்தது. மறுபடி அணைந்தது, எரிந்தது. அதைப் பார்த்துவிட்டதுபோல அடுத்த பண்ணை கண் சிமிட்டியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று. தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு. பிறகு பள்ளத்தாக்கு முழுவதும் மினுக் மினுக்கென்று, எது எங்கே என்று சொல்ல முடியாமல் போயிற்று.

மாமா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கையுறைக்குள் விரல்கள் சிக்கிக்கொள்ள, பாதியில் விட்டுவிட்டார். "அடேயப்பா! மச்சான், இவங்கெல்லாம் விதை வாங்குறவங்க. தீவனம் வாங்குறவங்க. டிராக்டர் வாங்குறவங்க! தீவனக் கடைக்காரன் என்னைப் பார்த்து 'உங்க ரேடியோவை எவன் கேக்குறான்'னான். நாளைக்கு அவனை இங்கயே கூட்டிட்டு வந்து நிப்பாட்டுறேன்!"

"அந்தக் காகிதம்?" என்று ட்ரூடி கேட்டாள்.

மாமா தாடையைத் தடவினார். "மத்தியானத்துக்கு மட்டும் டென்வர் பாட்டு வரட்டும் மச்சான். பால் கறக்குற நேரம் உங்களோடது. அதுல நான் தலையிட மாட்டேன்."

"மில்லி தலையிட விடமாட்டா," என்றாள் ட்ரூடி.

விளக்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வெகு தூரத்தில் ஒன்று மட்டும் அப்போதுதான் சிமிட்டத் தொடங்கியது.

"அது கோஸ்டிச்கா," என்றார் அப்பா. "அவன் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன்."

சொல்லிவிட்டு அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். நேராக நிலையத்தின் வாசலுக்குப் போய், வெளிவிளக்கை அணைத்து ஏற்றினார். மறுபடி அணைத்து ஏற்றினார். கோஸ்டிச்கா பதிலுக்குத் தன் விளக்கைச் சிமிட்டினார். அப்பா விடவில்லை. அவரும் விடவில்லை.

"அப்பா, சாப்பாடு ஆறிடும்," என்றாள் ட்ரூடி.

"இரும்மா, அவன் இன்னும் முடிக்கல. நாம முதல்ல நிறுத்தினா மரியாதையா இருக்காது," என்றார் லாடி ஷிமெக்.