வண்டிக்குள் ஈரம்

திங்கட்கிழமை காலை அவன் காரில் ஏறி உட்கார்ந்தபோது இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அவ்வளவு நேரமும் அதில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரியான சூடு. வண்டி ராத்திரி முழுக்கக் குடியிருப்பின் அடித்தளத்தில், வெயில் எட்டிக்கூடப் பார்க்காத நிறுத்துமிடத்தில், பூட்டித்தான் கிடந்தது. இறங்கி இருக்கையைத் தடவிப் பார்த்தான். உள்ளங்கை பிசுபிசுத்தது. முகர்ந்தான். முகர்ந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

கடல் வாடை இல்லை அது. முந்தைய நாள் முழுக்கக் கடற்கரையில் இருந்துவிட்டு வந்தவனுக்கு அந்த வாடை தெரியாதா? இது வேறு. தூங்கி எழுந்து பல் துலக்காத ஒருவன் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து பேசினால் வருமே, அந்த மாதிரி.

பழைய துணியால் அழுத்தித் துடைத்தான். மணி ஏழு ஐந்து. ஏழே காலுக்குள் பெரிய சாலையைப் பிடிக்காவிட்டால் முக்கால் மணி நேரம் தண்டம். துணியைப் பின்னால் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வீடு ஊரின் ஒரு கோடி, கம்பெனி மறு கோடி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை. பதினோரு வருஷமாக இதே பாடு. முன்னால் போகிறவனின் பின்விளக்கைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது என்பான். "உங்களுக்கு ரெண்டு வீடுங்க. ஒண்ணுல நாங்க இருக்கோம், இன்னொண்ணுல ஸ்டியரிங் இருக்கு" என்பாள் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மகளுக்கு ஏழு வயது. மாலையில் இரண்டு பேரையும் வழியில் ஏற்றிக்கொண்டு வருவது அவன் பொறுப்பு. அந்த ஒன்றரை மணி நேரம்தான் மூன்று பேரும் சேர்ந்து இருக்கிற நேரம் என்றுகூடச் சொல்லலாம்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனார்கள். ஒரு நாளாவது குடும்பமாக உட்கார்ந்து காற்று வாங்கலாம் என்று. ஊரே அதே நினைப்போடு கிளம்பியிருந்தது. ஒரு மணி நேர வழிக்கு மூன்றரை மணி நேரம். மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கடைசியில் வண்டி நிறுத்த இடமில்லை என்று சீருடைக்காரர் கையைக் காட்டியபோது அவனுக்குப் பொறுமை சுத்தமாகப் போய்விட்டது. சாலையைவிட்டு மண்பாதையில் இறக்கினான். குறுக்கே கட்டியிருந்த கயிற்றை இறங்கி அவிழ்த்தான். "வேணாங்க, ஏதோ காரணமாத்தான் கட்டியிருப்பாங்க" என்றாள் மனைவி. அவன் திரும்ப ஏறிக் கியரைப் போட்டான்.

ஈர மணலில் அது கிடந்தது. தூரத்திலிருந்து பார்க்க, அலை ஒதுக்கிவிட்டுப் போன பெரிய பழைய மெத்தை போல. கிட்டே போனபோது மெத்தை இல்லை என்று தெரிந்தது. வெளுத்து, கொழுப்புப் படலம் போல மினுமினுத்து, ஓரங்களில் இளஞ்சிவப்பாக மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. ஒதுங்கிப் போக இடமிருந்தது. ஆனால் ஒதுங்கினால் சக்கரம் மணலில் புதையும், தள்ள ஆள் தேட வேண்டும், இன்னும் அரை மணி போகும். ஏற்றிவிட்டான். வண்டி ஒரு கணம் வழுக்கியது. அடியில் சளக்கென்று ஒரு சத்தம். பிறகு, நீண்ட நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவது போல ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"பாசி" என்றான்.

"அப்பா, அது கத்துச்சு" என்றாள் மகள்.

"பாசி எங்கயாச்சும் கத்துமா? பேசாம வா."

அன்று மாலை திரும்பும்போது அந்த இடத்தைப் பார்த்தான். மணல் மட்டும்தான் இருந்தது. அலை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை வாடை முற்றியது. மூன்றாவது சிக்னலில் நாற்பது நிமிஷம் நின்றபோது, கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை, ஏற்றினால் இது. ஏசியை அணைத்துப் பார்த்தான். அணைத்த பிறகும் அதன் துளைகளிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பான, ஈரமான காற்று. கொஞ்ச நேரம் வரும். நிற்கும். பிறகு கையை வைத்துப் பார்த்தால் உள்ளே இழுக்கும். மறுபடி வரும். ஹாரன் சத்தங்களுக்கு நடுவே அவன் தன் மூச்சை எண்ணிப் பார்த்தான். அதைவிட மெதுவாக இருந்தது இது. மிக மெதுவாக, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் ஆளின் மூச்சு மாதிரி.

அன்று மாலை மனைவி ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "குட்டி எடுத்த வாந்தியை நீங்க சரியாவே கழுவல. எதுக்கும் நேரமில்ல உங்களுக்கு." அவன் தலையாட்டினான். அப்படித்தான் இருக்கும் என்று நம்ப அவனுக்கும் ஆசையாக இருந்தது.

புதன்கிழமை வேலைக்கு நடுவே வண்டி கழுவும் இடத்துக்குக் கொண்டுபோனான். கழுவுகிறவர் ஐம்பது வயது ஆள். இப்படிப்பட்ட வாடை எத்தனையோ பார்த்தவர் மாதிரி சிரித்தார். "எலி செத்துக் கிடக்கும் சார். பத்து நிமிஷ வேலை." வண்டியை மேலே தூக்கிவிட்டு, விளக்கோடு அடியில் போனார். தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. நின்றது. சுரண்டும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. வெளியே வந்தவர் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மறுபடி கழுவினார். மூன்றாவது தடவையும் கழுவினார்.

"என்னங்க, எலியா?"

"ஏதோ ஒட்டியிருக்கு சார்." அவன் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். "சுரண்டுனா உள்ள இழுத்துக்குது."

"இழுத்துக்குதுன்னா?"

"வண்டியை எடுத்துட்டுப் போங்க சார். இங்க வேணாம்."

அன்று கம்பெனியின் பின்பக்கத்தில், தன் ஸ்பேனர்களை வைத்து ஓட்டுநர் இருக்கையை அவனே கழற்றினான். லிஃப்ட் பள்ளங்களில் அழுகிய பூனைகளையும் பல வருஷத்துச் சாக்கடைத் தண்ணீரையும் அள்ளியவன்தான். அருவருப்பு அவனுக்குப் புதிதில்லை. தரை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உரித்தான். புண்ணோடு ஒட்டிக்கொண்ட கட்டுத்துணி மாதிரி, நூல் நூலாகப் பசை இழுத்துக்கொண்டு வந்தது விரிப்பு. அடியில் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் தகரம் இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, சின்னச் சின்ன மொட்டுகள் நிறைந்த பரப்பு. கையுறை போட்ட விரலால் தொட்டான். தொட்ட இடம் குழிந்தது. பிறகு அந்த இடத்திலிருந்து எச்சில் ஊறியது.

வயிற்றில் இருந்ததையெல்லாம் சுவரோரமாக வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, விரிப்பைப் போட்டு மூடினான். இருக்கையைத் திரும்ப மாட்டினான். வேறென்ன செய்வது? யாரிடம் சொல்வது? வண்டி இல்லாவிட்டால் மூன்று பஸ் மாற வேண்டும். விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தான். இன்னும் இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் இருக்கிறவர்களை ஏற்றாமல் இருந்தால் போதும்.

வியாழக்கிழமை காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டான். "சாயங்காலம் டாக்ஸி பிடிச்சுப் போயிடுங்க. எனக்கு லேட் ஆகும்." ஆனால் மாலை ஐந்தரைக்கு மழை கொட்டியது. டாக்ஸி ஒன்றுகூட நிற்கவில்லை. போனில் அவள் குரல் கரகரத்தது. "குழந்தை தொப்பலா நனைஞ்சு நிக்குது. நீங்க அந்த வழியாத்தானே வர்றீங்க? எங்களை ஏத்திக்கிறதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?"

ஏற்றிக்கொண்டான்.

மேம்பாலத்தின் நடுவில் போக்குவரத்து நின்றது. முன்னால் ஏதோ விபத்து. மழை விட்டிருந்தது. முன்னும் பின்னும் சிவப்பு விளக்குகள், ஹாரன்கள், புகை. மனைவி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பின்னால் மகள் ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு தரையைக் கவனித்தான். விரிப்பு லேசாக எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது. முன்னைவிட வேகம். ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் வண்டியை ஏற்றிய அதே மூன்று பேரும்தான் இப்போது அதற்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா."

"என்னடா குட்டி?"

"கீழ ஏதோ என் காலை நக்குது."

மனைவி திரும்பினாள். "என்ன பேச்சு இது?"

"நெஜமாம்மா. கூசுது."

சிரித்தாள் குழந்தை. பிறகு சிரிப்பு நின்றது. "வலிக்குது" என்றாள்.

"இறங்கு!" என்று கத்தினான் அவன். "ரெண்டு பேரும் இறங்குங்க!"

"நடு ரோட்டுலயா? உங்களுக்கு என்ன..."

"இறங்குடி!"

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் இறங்கினாள். அவன் இருக்கைகளுக்கு நடுவே கையை நுழைத்துக் குழந்தையின் கக்கத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இழுத்தான். ஏதோ உறிஞ்சும் சத்தம். இழுத்தான். சளக்கென்று விடுபட்டு வந்தாள். வெளியிலிருந்து மனைவி வாரி எடுத்துக்கொண்டாள்.

அவன் காலை எடுக்கப் பார்த்தான். பிரேக் மேலிருந்த கால். அசையவில்லை. ஷூவைச் சுற்றிச் சூடு. ஈரம். கணுக்காலைச் சுற்றி மெதுவான, பொறுமையான இறுக்கம். குனிந்தான். பார்க்கவில்லை. கையை மட்டும் விட்டு லேஸை அவிழ்த்தான். விரல்களில் கோழை. அவிழ்ந்தது. ஷூவை விட்டு, சாக்ஸை விட்டு, கால் மட்டும் வந்தது.

வெளியே விழுந்தான். எழுந்தான். பாலத்தின் தடுப்புச் சுவரோரம் மனைவியும் மகளும். குழந்தையின் பாதம் முழுக்க, நாள் பூராவும் தண்ணீரில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதில் வரிசையாகச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மனைவி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். புள்ளிகள் போகவில்லை.

முன்னால் இருந்த கார்கள் நகரத் தொடங்கின. பின்னால் ஹாரன்கள் ஒரேயடியாக அலறின. பின் வண்டியிலிருந்து ஒரு ஆள் இறங்கி வேகவேகமாக வந்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கசங்கிய சட்டை. முதுகு வலிக்காரன் போலக் கொஞ்சம் சாய்ந்த நடை. அவனைப் பார்த்தபோது கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போல இருந்தது.

"என்ன சார், நடு ரோட்டுல நிறுத்திட்டுக் காத்து வாங்குறீங்களா? ரெண்டு மணி நேரமா நிக்கிறோம் சார்! வீட்டுக்குப் போக வேணாமா?"

அவன் வண்டியையே பார்த்தான்.

"ரிப்பேரா? நியூட்ரல்ல போட்டுத் தள்ளிவிடுறேன், நகருங்க. சாவி உள்ள இருக்கா?"

திறந்து கிடந்த கதவு வழியே மூச்சு வந்தது. சூடான மூச்சு. அவசரமான மூச்சு. அது பாலத்தின் குறுக்கே வந்து அவன் முகத்தில் பட்டது. மனைவியின் மேலும் பட்டது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. தரை விரிப்பின் ஓரம் தானாகச் சுருண்டு, அவர்கள் நிற்கும் பக்கமாக ஒரு முழம் நீண்டது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

"இருக்கு" என்றான்.

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். "ஐயையே, என்ன நாத்தம்..." என்றது பாதியோடு நின்றது.

மனைவி அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க. அவரை இறங்கச் சொல்லுங்க. ஏங்க!"

அவன் நகரவில்லை. மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து, அவள் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

ஹாரன் ஒருமுறை அடித்தது. நீளமாக. நின்றது. வண்டி சக்கரங்களின் மேல் மெல்லத் தாழ்ந்து, மெல்ல எழுந்தது. கண்ணாடிகள் உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்தன. அந்த வெள்ளையில் ஒரு உள்ளங்கை அழுந்தியது. ஐந்து விரல்கள். வழுக்கிக் கீழே இறங்கியது. பிறகு எதுவுமில்லை.

பிறகு, அகலமாக, இளஞ்சிவப்பாக, ஏதோ ஒன்று கண்ணாடியின் அடியிலிருந்து உச்சிவரை அந்தக் கைத்தடத்தை ஒரே இழுப்பில் நக்கித் துடைத்தது.