சரியாகச் சொன்ன சாட்சி

நிலாவின் ஹார்ட் டிஸ்க் காணாமல் போனபோது அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் குழப்பம் வராது.

இடம், செஞ்சி பஜாரில் ஒரு பெயிண்ட் கடையின் மாடி. ராஜகிரி மலையைப் பார்த்த சுவரில் திரை. திரைக்குப் பக்கத்தில், மேஜைக்குப் பின்னால் நின்றவர் பேராசிரியர் விருத்தாம்பாள். குற்றவியல் துறை, அடுத்த வருஷம் ஓய்வு. முன்வரிசையில் இடப்பக்கம் அவருடைய ஆய்வு மாணவி நிலா, வலப்பக்கம் செஞ்சி கோர்ட் வக்கீல் மகாலட்சுமி. நிலாவுக்கு நேர் பின்னால் உதவிப் பேராசிரியர் விக்ரமன். மகாலட்சுமிக்குப் பின்னால் இன்னொரு ஆய்வு மாணவன் ஸ்ரீஹரி. கீழே இருக்கும் கடை அவன் அப்பாவுடையது. கடைசியில், பின்கதவை ஒட்டி, லீவு போட்டுவிட்டுச் சாதாரணப் புடவையில் வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி.

நிலாவின் துணிப்பை அவள் நாற்காலி முதுகில் தொங்கியது. ஸ்ரீஹரியின் லேப்டாப் பை தரையில், அவனுக்கும் விக்ரமனுக்கும் நடுவில் கிடந்தது.

அன்றைய கருத்தரங்கு சாட்சிகளைப் பற்றியது. ஒரு குற்றத்தைக் கண்ணால் பார்த்தவர்களைச் செஞ்சியில் எப்படி விசாரிக்கிறார்கள், நெதர்லாந்தின் ஒரு சிறிய ஊரில் எப்படி விசாரிக்கிறார்கள் என்று ஒப்பிடுவது நிலாவின் ஆய்வு. அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மூன்று வருஷம் அலைந்து, பிறழ் சாட்சிகளைப் பேச வைத்திருந்தாள். போலீசிடம் பார்த்தேன் என்றவர்கள் கோர்ட்டில் ஏன் பார்க்கவில்லை என்றார்கள், யார் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதெல்லாம் அவரவர் குரலிலேயே அந்த டிஸ்க்கில் இருந்தது. வேறு யார் கைக்கும் போகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து வாக்குக் கொடுத்திருந்தாள்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவுக்கும் அதே வாக்கைக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாள். டிஸ்க் ஒரு நிமிஷம் அடுத்தவர் கைக்குப் போனாலும் அன்றைக்கே எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் விசாரணை முடியும்வரை ஆய்வு நிற்கும். அடுத்த மாதம் அவள் ஆய்வு உதவித்தொகையில் நெதர்லாந்துக்குக் கிளம்ப வேண்டியவள். ஆய்வு நின்றால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும்.

அந்த அறையில் நிலாவைப் பார்த்து வயிறு எரியாதவர் குறைவு. அழைப்புக் கடிதம் தன்னைத் தாண்டி மாணவியின் பெயருக்கு நேராக வந்ததை விருத்தாம்பாள் இன்னும் ஜீரணிக்கவில்லை. இத்தனை வருஷ சர்வீசில் அவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. மகாலட்சுமி நடத்திய வழக்கில் கூண்டேறிக் கவிழ்த்த இரண்டு பேர், அவரிடம் வாயே திறக்காதவர்கள், நிலாவிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். ஸ்ரீஹரி எதையும் மறைக்கவில்லை. அங்கே சோறு கிடைக்காது, உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான், ரெண்டே மாசத்தில் அழுதுகொண்டு ஓடி வருவாய் என்று காலையிலிருந்து எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தான்.

விக்ரமன் ஒருவர்தான் நிலாவுக்கு அண்ணன் மாதிரி. அவளும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தவர், பரிந்துரை எழுதியவர் எல்லாம் அவர்தான். உபகாரி. அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து விருத்தாம்பாளின் கைப்பையையும் அவரே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

காலை 10.40. விருத்தாம்பாள் பேசிக்கொண்டிருந்தபோது பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே ஓடி வந்தான். வலப்பக்கச் சுவரோரமாகப் பாய்ந்து, மேஜைமேல் இருந்த ஒரு கறுப்புப் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் படியிறங்கி ஓடினான். நாற்காலி சரிந்தது. நிலாவும் மகாலட்சுமியும் வாசலுக்கு ஓடினார்கள். ஸ்ரீஹரி அவர்கள் பின்னாலேயே ஓடி, "நைனா, புடி அவனை," என்று கீழே பார்த்துக் கத்தினான். சாமுண்டீஸ்வரி பாதிப் படி இறங்கிவிட்டார். அப்போதுதான் விருத்தாம்பாள் கைதட்டிச் சிரித்து எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்.

அது அவர் ஏற்பாடு செய்த நாடகம். உள்ளூர் ஆட்டோ டிரைவர் பெரியதம்பியை ஓடச் சொல்லியிருந்தார். பார்த்ததை எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்ற சோதனை. நெதர்லாந்தில் இதே சோதனை நடந்திருக்கிறது. ஐந்து பேரையும் தனித்தனியாகப் பக்கத்து அறைக்கு அழைத்து, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார வைத்துக் கேட்டார்.

11.30. தேநீரோடு முடிவு. மகாலட்சுமி பார்த்தது ஆறடி உயர ஆள், சிவப்புச் சட்டை. ஸ்ரீஹரி கையில் கத்தியைப் பார்த்தான். நிலாவும் சாமுண்டீஸ்வரியும் சட்டை நீலம் என்றார்கள், செருப்பில் தவறினார்கள். இந்த நால்வரும் ஒத்துப்போன ஒரே விஷயம் தாடி.

"நான் வெச்ச அடையாளத்தை ஒருத்தர்தான் புடிச்சார்," என்றார் விருத்தாம்பாள். "இடது கன்னத்துல பிளாஸ்திரி. விக்ரமன், நீலச் சட்டையும் சரி, பிளாஸ்திரியும் சரி. போலீஸ்கூட விட்டுட்டாங்க."

எல்லாரும் சாமுண்டீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பின்கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் அவர். ஓடி வந்தவன் அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனான். தான் பார்க்காததை ஒரு காலேஜ் வாத்தியார் பார்த்துவிட்டார் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அடுத்துப் பேச வேண்டியவள் நிலா. பையில் கைவிட்டாள். கையை எடுக்கவில்லை. பிறகு பையையே மடியில் கவிழ்த்தாள். டிஸ்க் இல்லை.

நாடகத்துக்குப் பிறகு யாரும் வெளியே போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சாமுண்டீஸ்வரி இரண்டு கதவையும் சாத்தினார். எல்லாரையும் அவரவர் பையைத் திறந்து காட்டச் சொன்னார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்ரீஹரியின் பையில், சார்ஜர் வயருக்கு அடியில் டிஸ்க் இருந்தது.

ஸ்ரீஹரியின் முகம் வெளுத்துவிட்டது. "நான் எடுக்கல," என்றான். காலையிலிருந்து அவன் பேசிய பேச்சு எல்லார் காதிலும் இருந்தது. "சத்தியமா நான் எடுக்கல நிலா. கீழ எங்க நைனா இருக்காரு."

கேஸ் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. மகாலட்சுமி கூடாது என்று தலையாட்டினார். எஃப்.ஐ.ஆர். போட்டால் டிஸ்க் வழக்குச் சொத்தாகக் கோர்ட்டுக்குப் போகும். உள்ளே இருப்பதைக் கேட்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு மனுப் போடும். அப்புறம் அந்த மனிதர்கள் ஊரில் இருக்க முடியாது. நிலா கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"கிடைச்சிடுச்சே, அது போதும்," என்றார் விருத்தாம்பாள். டிஸ்க் இல்லை என்று தெரிந்த அந்த நொடியில் தன் மனதின் மூலையில் ஒரு குளிர்ச்சி பரவியதை அவர் கவனித்திருந்தார். அந்த வெட்கத்தில் குரல் தாழ்ந்திருந்தது.

விக்ரமன் மட்டும் வருத்தமாகச் சொன்னார், கிடைத்தாலும் கைமாறியது கைமாறியதுதான், இன்றைக்கே குழுவுக்கு எழுத வேண்டியிருக்குமே நிலா, விதி அப்படி.

சாமுண்டீஸ்வரி கீழே இறங்கினார். ஸ்ரீஹரியைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அவர் யோசித்தது பிளாஸ்திரியைத்தான்.

பெரியதம்பி கடை வாசலில் ஆட்டோவில் சாய்ந்து சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான். கடைப் பையன்கள் நிஜத் திருடன் என்று நினைத்துச் சட்டையைக் கிழித்துவிட்டார்கள்.

"மேடம் ஓடச் சொன்னாங்க, ஓடினேன். இவனுங்க அடிப்பானுங்கன்னு சொல்லவே இல்லியே," என்றான்.

"இன்னா பெரியதம்பி, கன்னத்துல ஒண்ணும் காணோம்?"

அவன் சங்கடமாகத் தாடியைச் சொறிந்தான். தாடி கன்னத்து எலும்புவரை ஏறியிருந்தது. மலைக்குப் போக மாலை போட்டிருந்தான், சிரைக்கக் கூடாது. பிளாஸ்திரி கொடுத்த விருத்தாம்பாள் அதை யோசிக்கவில்லை. "இதுல எங்க மேடம் ஒட்டும்? சொன்னா கோச்சிக்குவாங்கன்னு அப்டியே ஓடிட்டேன்." பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான். உறைகூடப் பிரிக்கவில்லை.

12.20. சாமுண்டீஸ்வரி மேலே வந்து விக்ரமனுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், நீங்கதான் நல்லாப் பார்த்தவர். அந்த பிளாஸ்திரி எந்தக் கன்னத்துல?"

"இடது. மேடம்கிட்டயே சொன்னேனே."

"அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"என் எடத்துலயேதான். எழுந்து நின்னு பார்த்தேன்."

"அவன் மூஞ்சியை."

"ஆமா. பார்க்காமலா சொல்றேன்?"

சாமுண்டீஸ்வரி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். பெரியதம்பி உள்ளே வந்தான். உறை பிரிக்காத பிளாஸ்திரியை மேஜைமேல் வைத்துவிட்டு, கீழே சொன்னதையே எல்லாருக்கும் சொன்னான். விருத்தாம்பாள் மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஓடி வந்தவன் எதிரிலேயே வந்து பையைப் பிடுங்கியும், தான் ஒட்டச் சொன்னது ஒட்டப்பட்டிருக்கும் என்றே அவர் நம்பிவிட்டார். சாட்சிகளின் பிழைகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர்.

"சாட்சிங்க தப்பாச் சொல்லுவாங்க," என்றார் சாமுண்டீஸ்வரி. "இல்லாத கத்தியை இந்தத் தம்பி பார்த்துச்சு. அது பயம். சிவப்புச் சட்டைன்னு வக்கீலம்மா சொன்னாங்க. அது அவசரம். ஆனா மேடம் மனசுல மட்டும் இருந்த பிளாஸ்திரியை, அதே கன்னத்துல ஒருத்தர் பார்த்தாருன்னா அது பார்வை இல்ல சார். படிச்சது. மூஞ்சியைப் பார்த்த நாலு பேருக்கும் தாடி தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியல. ஏன்னா நீங்க அப்ப குனிஞ்சிருந்தீங்க."

சோதனைத் திட்டம் டைப் செய்த ஒரு பக்கமாக விருத்தாம்பாளின் கைப்பையில் இருந்தது. பையைத் தூக்கி வந்தவர் அதைப் படித்துவிட்டார். எல்லாரும் வாசலுக்கு ஓடும் நேரம் ஒன்று வரும், விருத்தாம்பாளின் கண்ணும் வாசல்மேலேயே இருக்கும் என்று அவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். கண்ணெதிரே தொங்கிய பையிலிருந்து எடுத்து, காலடியில் கிடந்த பையில் போட அந்த நேரம் போதும். டிஸ்க்கைத் திறக்கவோ கொண்டுபோகவோ தேவையே இல்லை. கைமாறினால் போதும். கேஸும் வராது. பழி, காலையிலிருந்து தன் வாயாலேயே அதைச் சம்பாதித்துக்கொண்டிருந்தவனுக்குப் போகும்.

"காத்திருப்போர் பட்டியல்ல முதல் பேரு யாருது மேடம்?" என்று கேட்டார் சாமுண்டீஸ்வரி.

விருத்தாம்பாள் தலையைக் குனிந்துகொண்டார். "விக்ரமனோடது," என்றார். "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார்."

விக்ரமன் மறுக்கவில்லை. நிலாவைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார்.

"வருஷா வருஷம் போட்டேன். வருஷா வருஷம் வருந்துகிறோம்னு ஒரு மெயில். இவ அப்ளிகேஷன் முழுக்க நான் திருத்திக் குடுத்தது. எந்த வரியை எங்க வைக்கணும்னு நான்தான் சொன்னேன். அதே வரிங்க. எனக்கு வேணாம்னவங்க இவளை வான்னாங்க. தினமும் என் எதிர்லயே வந்து, அண்ணா டிக்கெட் போட்டாச்சு, அண்ணா ஸ்வெட்டர் வாங்கியாச்சுன்னு..."

நிலா அழவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்று மட்டும் கேட்டாள்.

பிறகு நடந்ததுதான் சிக்கலான பகுதி. விருத்தாம்பாள் பெரியதம்பியைக் கீழே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு வந்து, டிஸ்க்கை யாரும் திறக்கவில்லை, பாஸ்வேர்ட் பூட்டு அப்படியே இருக்கிறது, இந்த அறையில் நடந்தது இந்த அறையோடு முடியட்டும் என்றார். விக்ரமன்மீது துறைக்குள் நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம். நிலா அடுத்த மாதம் கிளம்பலாம். மகாலட்சுமிக்கும் அதுவே சரி என்று பட்டது. சாமுண்டீஸ்வரி, தான் லீவில் இருக்கும் ஆள், எதையும் பார்க்கவில்லை என்றார்.

நிலா டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எழுதினா நீ போக முடியாது," என்றார் விக்ரமன். "எனக்காகச் சொல்லல. நெஜமாவே முடியாது. விசாரணை முடிய ஆறு மாசமாவது ஆகும்."

"தெரியும்ணா." அந்த வார்த்தை பழக்கத்தில் வந்துவிட்டது. ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "பார்த்ததை ஏன் பார்க்கலைன்னு சொன்னீங்கன்னு ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டவ நான். அவங்களை மிரட்டினாங்க, சொல்லல. என்னை யாரும் மிரட்டல. நாளைக்கு அவங்க எதிர்ல நான் எந்த மூஞ்சியோட உக்காருவேன்?"

விருத்தாம்பாளின் லெட்டர் பேடில் ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தாள். டிஸ்க் எத்தனை மணிக்குக் கைமாறியது, யார் எடுத்தார், எங்கே கிடைத்தது, திறக்கப்படவில்லை என்பதற்கு என்ன ஆதாரம். அதற்குமேல் ஒரு வரி இல்லை. தன் பயணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. விருத்தாம்பாள் வாங்கி இரண்டு தடவை படித்தார். சோதனை நடத்தியது நான், திட்டத்தைப் பத்திரமாக வைக்காததும் நான் என்று கீழே தன் கையால் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் போடும்போது, காலையிலிருந்து முதல்முறையாக, அவருக்கு அந்தப் பெண்மேல் பொறாமை வரவில்லை. அல்லது வேறு விதமான பொறாமை வந்தது.

பிற்பகல் 2.50. ஸ்ரீஹரி கீழே ஸ்கூட்டரைக் கிளப்பி நின்றான்.

"ஏறு. மூணு மணிக்கு மேல ஸ்பீட் போஸ்ட் வாங்க மாட்டான்."

தபால் அலுவலகப் படி ஏறும்போது அவன் கேட்டான். "என் பேரும் இருக்குதா அதுல?"

"உன் பையில கிடைச்சுதுன்னு எழுதியிருக்கேன். நீ எடுக்கலன்னும் எழுதியிருக்கேன்."

அவன் தலையாட்டினான். "நீ போகலன்னா எனக்குச் சந்தோஷம்தான் நிலா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்டி இல்ல."

நிலா சிரித்துவிட்டாள். உறையின் வாயில் பசை தடவி, மடித்து, கட்டைவிரலால் ஓரம்வரை அழுத்தினாள். கவுண்டரில் இருந்தவர் எடை பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். கடிதத்தைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த தபால் சாக்குக்குள் எறிந்தார்.