மூடியைப் போட்ட பிறகும்

மொட்டைமாடிக் கதவைத் திறந்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்றின் மேல் இன்னொன்றைச் செருகி, அதற்கும் மேலே ஐபீஸை வைத்திருந்தான் தம்பி. கண்ணாடிக்கடையில் பகலெல்லாம் ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இந்தக் கூத்து வேறு.

"ஒண்ணுக்கு மேல போடாதேன்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தியிருக்கேன்ல?"

அவன் கைப்பிடிச்சுவரோரம் உட்கார்ந்து வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தான்.

"நிலாவுல ஒண்ணு நிக்குதுக்கா."

"உன் தலை நிக்குது! இவ்வளவு பெருக்கினா உன் கண்ணுக்குள்ள கிடக்கற தூசிதான்டா தெரியும்."

"நீயே பாரேன்."

கண்ணை ஏன் இப்படி அழுத்துகிறான்? பயத்தைத் திட்டாக மாற்றுவது அவளுக்குக் கைவந்த கலை. அவனுக்கு நாலு வார்த்தை கொடுத்தபடியே குனிந்தாள்.

கொடியில் காயும் துணியின் சோப்பு வாசனையும் தண்ணீர்த் தொட்டியின் சொட்டுச் சத்தமும் மெல்ல விலக, அந்தி வானத்து நிலா மங்கலாய், கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தட்டு மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் மெலிந்த கறுப்பாய் ஒன்று நின்றது.

லென்ஸில் தூசி என்றால், ஐபீஸைத் திருப்பினால் கூடவே சுற்ற வேண்டும். திருப்பினாள். சுற்றவில்லை. கண்ணில் தூசி என்றால் கண்ணோடு ஓட வேண்டும். விழியை உருட்டினாள். அசையவில்லை. இத்தனை பெருக்கத்தில் நிலாதான் நிற்காது, பார்வையை விட்டு நழுவி ஓடிவிடும். ஓடியது.

அது ஓடவில்லை. வெறும் வானத்தில் நின்றது.

எதையோ ஒட்டிவைத்து என்னையே ஏமாற்றுகிறானா? ஆத்திரம் தலைக்கேறியது. கண்ணை எடுக்காமலே கையை நீட்டிக் குழலின் வாயில் மூடியைப் போட்டாள்.

கும்மிருட்டு.

இருட்டிலும் நின்றது. இருட்டைவிடக் கறுப்பாக. முதுகைக் காட்டியபடி.

திரும்பியது.

அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். தம்பி மெதுவாகக் கையை எடுத்தான். சிவந்த கண்ணைச் சிமிட்டி வானத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். விம்மி விம்மி அழுதான்.

"போயிடுச்சுக்கா. என்னை விட்டுப் போயிடுச்சு."

"தெரிஞ்சேதான் பார்க்கச் சொன்னியா?"

"நீ திட்டிக்கிட்டே பார்த்துடுவேன்னு தெரியும்." அவன் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தான். "என்னால முடியலக்கா."

பாவி. கூடப்பிறந்தவன். எழுந்து கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. அவன் முகத்தின் மேல் அந்தக் கறுப்பு நின்றது. கதவின் மேல். வானத்தின் மேல்.

அவன் இறங்கி ஓடும் சத்தம். கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது.

கண்ணை இறுக மூடினாள்.

இமைக்குள் அது இன்னும் கிட்டத்தில் இருந்தது. குனிந்தது. தொலைநோக்கியில் வைப்பதுபோல, உள்ளே இருந்து அவள் கண்ணில் தன் கண்ணை வைத்தது.