ஒன்பதாம் நாள் பாலிஷ்

"இந்தத் தரையை உடைக்கணும்!"

குராலாய் சொன்னதும் மாவு அறையில் இருந்த மற்ற மூவரும் திரும்பினார்கள்.

ரொட்டிக்கடைக்காரி ரௌஷான் மாவுக் கையோடு அப்படியே நின்றாள். தரை போட்ட காண்ட்ராக்டர் காஸிபெக், வாயில் போட்ட பவுர்சாக், அந்தப் பொரித்த மாவு உருண்டையை, மெல்ல மறந்தார். போலீஸ் கேப்டன் எர்மெக் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி பத்தே முக்கால்!

பன்னிரண்டுக்கு குராலாயின் அப்பா பெய்ஸெனை ஏற்றிக்கொண்டு சிறை வண்டி கிளம்பிவிடும்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. கரகண்டா நகரத்தின் ஜனவரி.

"எதை உடைக்கணும்? இதையா?" ரௌஷான் காலால் தட்டினாள். வெறும் சிமெண்டுத் தரைதான். ஆனால் வைரச் சக்கரம் ஓட்டி ஓட்டி, குனிந்தால் முகம் தெரிகிற பாலிஷ். "நாளைக்குக் கடை திறக்கிறேன்டி! உனக்கு மூளை கலங்கிடுச்சா?"

காஸிபெக் சிரித்தார்.

"விடுங்க ரௌஷான். அப்பன் உள்ள இருக்கான். பொண்ணு பாவம், என்ன பேசறோம்னே தெரியாமப் பேசுது. குராலாய்-ஜான், இந்தத் தரைக்கு அடியில வெந்நீர்க் குழாய் ஓடுது. ஒரு ஊசி ஓட்டை விழுந்தாப் போதும். சூடு போச்சு. ராத்திரிக்குள்ள இந்தக் கடை ஐஸ் கட்டிடும். லேப்ல உனக்கு இதைக்கூடச் சொல்லித் தரலியா?"

சொல்லித் தந்திருந்தார்கள்.

எட்டு மாதம் முன்பு, சிமெண்டு சோதனை லேபில் சேர்ந்த முதல் நாளே, தலைமை அதிகாரி தமாரா பெத்ரோவ்னா விரல் நீட்டிச் சொன்னாள். என்ன வேணா கேளு. குழாய் ஓடற தரையை உடைக்கணும்னு மட்டும் வாடிக்கையாளர்கிட்ட வாயைத் திறக்காதே. திறந்தா உனக்கு இங்கே வேலை இல்லை!

குராலாயின் வம்சத்திலேயே முதல் பட்டம் அவளுடையது. முதல் மாதச் சம்பளமும் அவளுடையது.

அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"கேப்டன், எங்கப்பா மேல என்ன கேஸ்?"

"தெரியாத மாதிரி கேக்கறே..." எர்மெக் கோப்பைப் புரட்டினார். "பன்னண்டு நாளைக்கு முன்னால, ஞாயித்துக்கிழமை. காஸிபெக்கோட ஆளுங்க ரெண்டு பேர், உங்கப்பாவும் தௌரெனும், இந்தத் தரை வேலையை விட்டுட்டுக் காலையிலேயே குடிக்கப் போனாங்க. போதையில கிடந்த தௌரெனை உங்கப்பா பனியில தள்ளிட்டுப் போயிட்டார். சாயந்திரம் நாலு மணிக்கு வேலியோரம் பிணம். சட்டையெல்லாம் வோட்கா வாடை."

"எங்கப்பாவுக்கு வயித்துப்புண். மோர் குடிச்சாலே எரியும். அன்னைக்குக் காலைல வேலைக்கு வந்தவரை, 'வீட்டுக்குப் போ'ன்னு அனுப்பினதே இவர்தான்."

"நானா?" காஸிபெக் நெஞ்சில் கை வைத்தார். "அடக் கடவுளே!"

"பிரேதப் பரிசோதனை பண்ணினாங்களா?"

"உடம்பை அறுக்க வேணாம்னு குடும்பம் கெஞ்சிச்சு. மறுநாளே அடக்கம். டாக்டர் மேலோட்டமாப் பார்த்தார். தோல் செக்கச்செவேல்னு இருந்துச்சு. குளிர்ல செத்தா அப்படித்தான் இருக்குமாம்."

"இந்த ரூம்ல தரைக்குச் சூடு காட்ட ஓட்டின டீசல் ஹீட்டர் புகையில செத்தாலும் அப்படித்தான் இருக்கும் கேப்டன்!"

எர்மெக் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

காஸிபெக் இப்போது மென்றார். வேகமாக மென்றார்.

குராலாய் சுவரோரம் நடந்தாள். பைக்குள் உளி, சுத்தியல், ஒரு சின்னத் தெளிப்பான்.

"ரௌஷான் அக்கா... இந்த ரூமுக்குத் தரை போட்டு எத்தனாவது நாள் பாலிஷ் போட்டாங்க?"

"ஒன்பதாவது நாள். சீக்கிரம் முடிச்சுத் தரேன்னார்."

"இருபத்தெட்டு நாள் காயணும். பச்சைத் தரையில சக்கரம் ஓட்டினா கல்லு பேர்ந்துக்கிட்டு வரும். அங்கங்கே குழி விழுந்திருக்கு, பாருங்க. இருபது வருஷமாத் தரை போடற மனுஷனுக்கு இது தெரியாதா? மேல் தோலைச் சீவி எடுக்க அவருக்கு அவ்வளவு அவசரம்!"

"ஏய்!" காஸிபெக்கின் குரல் மாறியது. "பொம்பளைப் பிள்ளைன்னு பாக்கறேன்..."

"பாக்காதீங்கண்ணே. சக்கரம் போகாத இடம் ஒண்ணே ஒண்ணு இருக்கு."

அவள் சுட்டினாள்.

சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. வெந்நீர்க் குழாய்கள் தரையிலிருந்து கிளம்பி அதற்குள்தான் போய்ச் சேருகின்றன. பெட்டிக்கு அடியில், குழாய்களுக்கு நடுவே, கையகல இடம். பாலிஷ் இல்லாத, வெளுத்த சிமெண்டு.

உடைக்கவே கூடாத இடம் அந்தக் கடையில் உண்டென்றால், அதுதான்!

"குழாயில பட்டா?" எர்மெக் கேட்டார்.

"பட்டா, கடையும் போச்சு, என் வேலையும் போச்சு, எங்கப்பாவும் போனார்."

"அனுமதிக்காதீங்க ரௌஷான்!" காஸிபெக் கத்தினார். "நான் பொறுப்பில்ல!"

ரௌஷான் அவரைப் பார்த்தாள். அவர் நெற்றியைப் பார்த்தாள். அங்கே வேர்வை.

"தௌரென் தினமும் என் அடுப்படியிலதான் சாப்பிடுவான்," என்றாள் மெதுவாக. "பனியில கிடந்து செத்த பயலா, புகையில செத்த பயலான்னு எனக்கும் தெரியணும். ரூம் என்னோடது. உடைடி!"

மணி பதினொன்று பத்து.

குராலாய் வயிறு தரையில் படப் படுத்தாள்.

உளியை வைத்தாள். குழாய்க்கும் உளிக்கும் இரண்டு விரல் இடைவெளி.

டக்!

நகர்ந்துவிட்டது... மறுபடி வைத்தாள்.

டக்! டக்!

சிமெண்டில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் மேல் சொட்டென்று... தண்ணீர்!

"போச்சு!" ரௌஷான் அலறினாள்.

குராலாய் உளியைக் கீழே வைத்தாள். விரலால் தொட்டாள்.

அவள் மூக்கு நுனியிலிருந்து வழிந்த வேர்வை.

டக்!

நெல்லிக்காய் அளவுச் சில்லு ஒன்று பெயர்ந்து கையில் விழுந்தது. மேற்பரப்பை விரலால் தேய்த்தாள். சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டியது. சில்லைத் திருப்பி, உடைந்த பக்கத்தில் தெளிப்பானை அழுத்தினாள்.

புஸ்!

ஒரு நொடி ஒன்றுமில்லை.

பிறகு... ரோஜா நிறம்! சில்லு முழுக்கப் பரவியது. ஆனால் மேலே, அரிசியின் கனத்துக்கு, ஒரு பட்டை மட்டும் சாம்பலாகவே நின்றது.

"என்ன இது?" எர்மெக் குனிந்தார்.

"நல்ல சிமெண்டு இந்த மருந்து பட்டா ரோஜா நிறமாகும். புகை குடிச்ச சிமெண்டு ஆகாது. சாதாரணமா மேல இவ்வளவு கனம் சாம்பலாக வருஷக்கணக்குல ஆகும் கேப்டன். பன்னண்டு நாள்ல ஆகணும்னா, போட்ட முதல் நாளே, தரை ஈரமா இருக்கும்போதே, ரூம் முழுக்கப் புகை நின்னிருக்கணும்."

"டீசல் ஹீட்டர்லதான் புகைக்குழாய் உண்டே... புகை வெளியில போயிடுமே?"

"மாட்டியிருந்தாப் போகும்."

காஸிபெக் கைதட்டினார். நிதானம் திரும்பிவிட்டது.

"சரிம்மா, படிச்ச பொண்ணு. கொஞ்சம் புகை கசிஞ்சிருக்கும். அதுக்கும் தௌரெனுக்கும் என்ன? அவன்தான் காலைலயே குடிக்கப் போயிட்டானே. ஹீட்டரைப் பார்த்துக்கிட்டு இந்த ரூம்ல இருந்தது நான். காலை எட்டுல இருந்து சாயந்திரம் நாலு வரைக்கும். கேப்டன், நான் எழுதிக் கொடுத்திருக்கேன்ல?"

"கொடுத்திருக்கீங்க," என்றார் எர்மெக் கோப்பைப் பார்த்து.

குராலாய் எழுந்து உட்கார்ந்தாள். திடீரென்று அவள் குரலில் அத்தனை பணிவு.

"அப்போ நடுவுல கதவையோ ஜன்னலையோ திறந்து வெச்சிருப்பீங்க, இல்லண்ணே? அதனாலதான் பல்லெல்லாம் விழுந்த மாதிரி இந்தத் தரையில குழி. குளிர் அடிச்சு உறைஞ்சிருக்கும். பாவம் அக்கா, மட்டமான வேலை..."

ரௌஷானின் முகம் சுருங்கியது. "கதவைத் திறந்து வெச்சியாய்யா? என் தரை மேலயா?"

"யாரு... நானா?" காஸிபெக் துடித்துப் போனார். "இருபது வருஷத் தொழில்! பச்சைத் தரை கிடக்கும்போது கதவைத் திறக்க நான் என்ன கத்துக்குட்டியா? ஜன்னலுக்கு மூணு கம்பளி. கதவு இடுக்குல துணி. எட்டு மணி நேரம், ஒரு காத்து உள்ள வரல, ஒரு காத்து வெளிய போகல! என் வேலையைப் பத்தி இந்த ஊர்ல எவனை வேணா கேளு!"

"வேணாம்ணே. நீங்க சொன்னதே போதும்."

அவள் சில்லை கேப்டனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"புகைக்குழாய் இல்லாத ஹீட்டர். காத்துப் புகாத ரூம். எட்டு மணி நேரம். இவர் சொல்றது நிஜம்னா கேப்டன்... நீங்க இப்போ பேசிக்கிட்டிருக்கறது ஒரு பிணத்தோட!"

எர்மெக் நிமிர்ந்தார்.

காஸிபெக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"கொஞ்சம்... ஒரு பக்கம்... லேசா திறந்து..."

"இப்பத்தான் கத்துக்குட்டி இல்லன்னீங்க," என்றாள் ரௌஷான்.

காஸிபெக் மாவு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான் கொல்லல... சத்தியமா கொல்லல. ரெண்டு இடத்துல வேலை. இருந்தது ஒரே ஒரு புகைக்குழாய். கழட்டி அங்க எடுத்துட்டுப் போயிட்டேன். ஒரு ஆள் போதும்னு பெய்ஸெனை அனுப்பிட்டு, தௌரென்கிட்ட பாத்துக்கடான்னு சொல்லிட்டுத்தான் போனேன். மூணு மணிக்கு வந்தா... பலகை மேல தூங்கற மாதிரியே கிடந்தான். உள்ளே செத்தான்னு தெரிஞ்சா எவன் வீட்டுக்கு என்னைக் கூப்பிடுவான்? அதான்... வேலியோரம்..."

"வோட்காவையும் ஊத்தி!" குராலாய் கத்தினாள். "பழியை எங்கப்பா தலையில ஊத்தி!"

மணி பதினொன்று முப்பத்தைந்து.

எர்மெக் செல்லில் இரண்டே வாக்கியம் பேசினார். சிறை வண்டியை நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டினார்.

"எழுத்துல வேணும் தங்கச்சி. சோதனை பண்ணினவங்க கையெழுத்தோட. இல்லேன்னா நாளைக்கே இவர் வக்கீல் வந்து, 'மிரட்டி வாங்கினது'ம்பான்."

அவள் எழுதினாள். கடைசிப் புள்ளி வைத்தபோது அவள் செல் அலறியது.

தமாரா பெத்ரோவ்னா!

"குராலாய்! கடை வாசல்ல நின்ன காஸிபெக் ஆளுங்க போன் பண்ணாங்க. நம்ம லேபுக்கு எத்தனை வருஷமா வேலை தர்ற மனுஷன் அவர்! எதை உடைச்சே நீ? எதுலயும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதே! போட்டா, திங்கட்கிழமை இந்த வாசல்ல உன் கால் படக்கூடாது. கேக்குதா?"

"கேக்குது மேடம். மை காய்ஞ்சிடுச்சு."

அணைத்தாள். கழுத்திலிருந்த லேப் அடையாள அட்டையைக் கழற்றி மாவு மூட்டை மேல் வைத்தாள். தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய் பொண்ணே!" ரௌஷான் பின்னாலிருந்து கத்தினாள். "என் தரையில ஓட்டையைப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போறே! இதை யாருடி அடைப்பா?"

குராலாய் திரும்பவில்லை.

"எங்கப்பாதான்க்கா! நாளைக்குக் காலைல வருவார். ஆனா ஒண்ணு... எவ்வளவு குளிரடிச்சாலும் கதவைத் திறந்து வெச்சுத்தான் வேலை செய்வார்!"