பூங்கோதை திருத்திக் கொடுத்த கதை

“நீ எழுதியிருந்தா அந்தக் கதைய எப்டி எழுதியிருப்ப?”

குணசீலன் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் அவன் பூங்கோதையிடம் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் கேட்டதில்லை. சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நிற்க, பதிலுக்காகக் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பே புதிதாக இருந்தது. ஆனால் அவளுக்கு அப்போது பயம் வரவில்லை, பேச்சுதான் வந்தது.

ஒடுகத்தூர் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்து கிடந்த நாவல் அது. பெண்டாட்டியைப் பைத்தியமாக்கி ஒழிக்கப் பார்க்கும் புருஷனின் கதை. அப்படியொரு குப்பையைப் பூங்கோதை படித்ததே இல்லை. அவன் பாலில் மாத்திரையைக் கரைக்கிறானாம், அவள் கசப்பே தெரியாமல் மடக்மடக்கென்று குடிக்கிறாளாம். சாவியை ஒளிக்கிறானாம், கதவை வெளியே பூட்டுகிறானாம், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறானாம். எழுதினவனுக்கு அடுப்படியும் தெரியாது, பொம்பளையும் தெரியாது என்றாள். அந்தப் பெண்டாட்டிக்கு நாக்கு செத்தா போயிற்று?

பிறகு அவளே கதையைத் திருத்தினாள். மாத்திரை எதற்கு? அவள் வைத்த குழம்பில், அவள் பார்க்காதபோது இன்னொரு பிடி உப்பு. தன் கையையே அவள் நம்பாமல் போகட்டும். சாவியும் வேண்டாம், பக்கத்து வீட்டில் போய் அவளைப் புகழ்ந்து பேசினால் போதும். நல்லவள், பாவம், கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை என்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்பார். காற்று மாறட்டும் என்று மலைமேல் கொண்டுபோய் வைத்தால் யார் கேட்பார்கள்?

“அப்போ பூட்டு?” என்றான்.

“பூட்டு இன்னாத்துக்குங்க? ஊரே நம்பிட்டா கதவு தொறந்தே கெடக்கலாம். அவ கத்துனாலும் வந்து பாத்துட்டு, பேசாம போய்டுவாங்க.”

அவன் சிரித்துவிட்டு மறுபடி பிசைய ஆரம்பித்தான். அந்த நாவல்காரனுக்கு இதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது என்ற இளப்பத்தோடு அவள் தட்டுகளைக் கழுவினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, காயாத வேர்க்கடலையின் முக்கல் வாடை கூடத்திலிருந்து அடுப்படி வரை ஏறி, மலைப்பக்கத்து ஜன்னலில் பகலிலேயே இருட்டு வந்து ஒட்டிக்கொண்ட வாரத்தில்தான் முதல் தடவை குழம்பு கரித்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். மறுவாரம் ரசம். குணசீலன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, பரவாயில்லை என்றான். பக்கத்து வீட்டு ஜெயம்மாள், கேட்காமலே கூட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறாயா என்று மெதுவாக விசாரித்தாள். தகர ஓட்டில் மழை கொட்டும் சத்தத்துக்கு நடுவே, உப்பு ஜாடியின் மூடி கல்லில் உரசுகிற சின்னச் சத்தமொன்று பூங்கோதைக்கு அடிக்கடி கேட்கத் தொடங்கியது. போய்ப் பார்த்தால் அடுப்படியில் யாரும் இல்லை. மூடி மட்டும் கொஞ்சம் விலகியிருக்கும்.

அப்போதும் அந்த நாவலில் வந்த பெண்டாட்டி மேல்தான் அவளுக்கு எரிச்சல். முட்டாள். மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

ஒருநாள் சாயங்காலம் புளிக்குழம்பில் அவள் உப்பே போடவில்லை. ஒரு கல்கூட. மாடு கத்துகிறது என்று கொல்லைக்குப் போனாள். மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கரண்டியை நக்கினாள்.

கரித்தது.

வாசலில் ஜீப் உறுமியது. கூடத்தில் அவளுடைய பை. மடித்த புடவைகள். சீப்பு.

“மலைமேல நெல்லிவாசல் பக்கம் ஒரு வூடு பாத்திருக்கேன்,” என்றான் குணசீலன். குரலில் அவ்வளவு பரிவு. “காத்து மாறட்டும்.”

அவள் சொன்ன வார்த்தை. அவளுடையதே.

கதவு திறந்தே கிடந்தது. நாவலில் வந்தவளுக்காவது உடைப்பதற்கு ஒரு பூட்டு இருந்தது. பூங்கோதை கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெயம்மாள் மழையில் ஓடிவந்தாள்.

“அக்கா, இதுல நான் உப்பே போடலக்கா. நக்கிப் பாருக்கா.”

குழம்புக் கரண்டியை நீட்டினாள். ஜெயம்மாள் குணசீலனைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்து நின்றான். ஜெயம்மாள் தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள்.

முகம் சுருங்கியது. கண் கலங்கியது.

கரண்டியை மெல்லப் பிடுங்கி அடுப்பு மேடையில் வைத்தாள். பூங்கோதையின் அவிழ்ந்த கூந்தலைச் சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் ஒதுக்கிவிட்டாள். பிறகு முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, திறந்த கதவு வழியாக ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனாள்.