பச்சைப் பேனாக்காரர்

அந்தப் பச்சைக் கோடு மறுபடியும் விழுந்தது.

தியாமிகே பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இது இரண்டாவது. பக்கத்து நாற்காலிக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை... சட்டையில் குத்தியிருந்த அட்டை லிம்பானி என்றது. நீளமான இமைகள். இந்த ஆளுக்கு எதற்கு இவ்வளவு நல்ல கண்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சோம்பா நகரில் பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாள்களைத் திருத்தும் முறையே தனி. ஒரு மேசைக்கு எட்டு ஆசிரியர்கள். ஆளுக்கு ஒரு வேலை. முடித்ததும் தாளை வலப்பக்கம் தள்ள வேண்டும். ஒருவர் நின்றால் மேசையே நின்றுவிடும். தியாமிகேயிடம் நான்காம் கேள்வி, சிவப்புப் பேனா. அவளைச் சரிபார்க்கும் லிம்பானியிடம் பச்சைப் பேனா. மூன்று பச்சைக் கோடு விழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பிறகு அழைப்பே வராது. நான்கு வருடம் மனுப் போட்டுக் கிடைத்த இடம் அவளுக்கு.

"சார், 'எ விசிட்டர் கேம், ப்ரிங் எ சேர்'னு எழுதியிருக்கு. பிள்ளை சொல்ல வந்தது புரியுதில்ல?"

"புரியுது மேடம். ஆனா 'கேம்'னா விருந்தாளி வந்தார், அவ்வளவுதான். போயிட்டாருன்னுகூட இருக்கலாம். போனவருக்கு எதுக்கு நாற்காலி? 'ஹாஸ் கம்'னா வந்திருக்கார்... இன்னும் வாசல்ல நிக்கிறார். அப்பதான் நாற்காலி வேணும். நம்ம வீட்டுப் பேச்சுலயும் அப்படித்தானே?"

"எனக்கே பாடமா?"

"கேட்டீங்க. சொன்னேன்."

எதிரே இருந்த மேசைத் தலைவி திருமதி கலுவா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கல்யாணம் பேசறதா இருந்தா வெளியில போய்ப் பேசுங்க. ன்சிமாக் களி ஆறுது."

மேசையே சிரித்தது. தியாமிகேக்கு முகம் சுட்டது. லிம்பானி சொன்னது சரிதான்... அதுதான் தாங்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது கோடு விழுந்தது. எந்த வரியில் என்றுகூட அவள் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஜூலை மாதச் சிப்பெரோனிக் குளிர்த் தூறலில் விடுதியை நோக்கி நடந்துவிட்டாள்.

லிம்பானி தாளை மறுபடி பார்த்தார். இது வேறொரு பிள்ளையின் வரி. விருந்தாளி நேற்று வந்தாராம். 'நேற்று' என்று நாளைச் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அங்கே 'கேம்'தான் சரி. அவள் சரியாகத்தான் மதிப்பெண் போட்டிருந்தாள். ஒரே பிழையைத் தேடித் தேடி, இவர் கை தானாக ஓடியிருக்கிறது.

பச்சைக் கோட்டை அழிக்க ஒரே வழிதான் உண்டு. சரிபார்த்தவர் தன் பிழை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதியவரிடம் பச்சைப் பேனா தங்காது. மேசை நின்றிருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது...

அவர் எழுதினார்.

தியாமிகே பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது வெளியே குரல் கேட்டது.

"ஓடீ..."

எங்கள் ஊரில் கதவைத் தட்டுவதில்லை. 'ஓடீ' என்று குரல் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து 'ஓடீனி' என்று வரும்வரை வெளியே நிற்க வேண்டும். அவள் இன்னொரு சட்டையைப் பெட்டிக்குள் திணித்தாள்.

"ஓடீ..."

"இங்க யாரும் இல்ல."

"இல்லாத ஆளு பேசுதே." தூறலில் ஒரு தும்மல். "மேடம், மூணாவது கோடு என் தப்பு. எழுதிக் கொடுத்துட்டேன். பச்சைப் பேனாவை வாங்கிட்டாங்க. நாளையிலேர்ந்து நானும் சிவப்புதான், அஞ்சாம் கேள்வி. நீங்க போக வேண்டாம்."

அவள் கை நின்றது. "பேசாம இருந்திருக்கலாமே சார். யாருக்குத் தெரியும்?"

"நாற்காலி காலியா இருந்துச்சு. பார்க்க முடியல." மறுபடி ஒரு தும்மல். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு மேடம். காலையில சண்டை போட்டீங்களே... அப்பலேர்ந்து."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். குரலை மட்டும் கறாராக வைத்துக்கொண்டாள். "அப்ப அந்த முதல் ரெண்டு கோடு?"

"அது சரியான கோடு. அதை மாத்த மாட்டேன்."

கடவுளே... இந்த மனிதரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட வேண்டியிருக்கும். சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அந்த நீண்ட இமைகளில் தூறல் துளித்துளியாக நின்றது. துடைக்காமல், நகராமல் நின்றுகொண்டிருந்தார்.

அறையில் இருந்த ஒரே நாற்காலியின் மேல் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். நாற்காலியை வாசல் வரை இழுத்தாள்.

"ஓடீனி" என்றாள்.