ஆறு மட்டுமே விழுந்த பகடை

வகுப்பில் அவளுக்கு 'மூளை' என்று பெயர். மதிய இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே நடக்கும் 'செல்லப்பிராணிச் சண்டை' அட்டை ஆட்டத்தில் இரண்டு வாரமாக அவளை யாரும் ஜெயிக்கவில்லை.

ஆளுக்கு மூன்று பிராணி அட்டைகள். பகடை அவரவருடையது. ஜெயித்தவர் தோற்றவரிடம் பிடித்த அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் எடுத்ததும் பூனையைப் பாயவிடுவார்கள். மூளை மட்டும் இரண்டு பிராணிகளைச் சேர்த்து ஆடினாள். முதலில் கிளி கத்தும். ஆறு விழுந்தால் எதிராளி ஒரு முறை ஆட முடியாது. அந்த நேரம் பார்த்துப் பூனை பாயும். இன்னோர் ஆறு விழுந்தால் கதை முடிந்தது.

பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் சுண்டு அப்படித்தான் தன் ஆமையை இழந்தாள். அவளே வரைந்து, ஓட்டில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய ஆமை. இதை மட்டும் விட்டுவிடு, வேறு எதையும் எடுத்துக்கொள் என்று கெஞ்சினாள்.

"ஜெயிக்க மூளை வேணும்டி," என்று சொல்லி, மூளை ஆமையைத்தான் எடுத்தாள். மறுநாள் சுண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூளை கை கழுவும்போது பகடை வாளித் தண்ணீரில் விழுந்தது. மரப்பகடை, மிதந்தது. மேலே ஆறு. விரலால் புரட்டிவிட்டாள். மெல்லத் திரும்பி மறுபடியும் ஆறு காட்டியது. பத்துத் தடவை புரட்டினாள். பத்துத் தடவையும் ஆறு.

ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் அண்ணனிடம் காட்டினாள்.

"ஒண்ணோட புள்ளி பேந்துபோச்சுன்னு அழுதியே. அதான் ஒரு சொட்டு ஈயம் உருக்கி ஊத்தினேன். நல்லா இருக்குல்ல?" என்றான் அண்ணன்.

ஒன்றுக்கு நேர் எதிரே ஆறு. ஒன்று கனத்துக் கீழே போனால் ஆறு மேலே வரும். கிளியும் ஜெயிக்கவில்லை, பூனையும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது ஒரு சொட்டு ஈயம்.

பகடையைச் சாக்கடையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அலமாரியைத் திறந்தால் ஆமை இருந்தது.

திங்கட்கிழமை மாடிப்படிக்குக் கீழே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீரில் பகடையைப் போட்டும் காட்டினாள். ஜெயித்த பதினொரு அட்டைகளையும் தரையில் பரப்பினாள். அவரவர் வந்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக வந்த சுண்டு, ஆமையின் மடங்கிய மூலையை நகத்தால் நீவினாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள் மூளை.

"பகடை விஷயம் தெரியாது. நான் கெஞ்சினது தெரியும்ல?"



"இனிமே இவ பேரு மூளை இல்ல, ஈயம்," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் அவளை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. நான்காம் நாள் சுண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏய் ஈயம், வர்றியா? ஆனா என் பகடைதான்."

அவள் போய் உட்கார்ந்தாள். கிளியைக் கத்தவிட்டுப் பகடையை உருட்டினாள். இரண்டு விழுந்தது.

எதிரே ஆமை காத்திருந்தது. ஈயம் முதல் தடவையாக யோசிக்க ஆரம்பித்தாள்.